பாங்காக் வெயிலும் 85,000 பாட் சம்பளமும்: சென்னையிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி கேட்டவர் வேளச்சேரிக்காரர். மார்ச் மாதம் பாங்காக்கில் வேலையில் சேர வேண்டும். சம்பளம் மாதம் 85,000 பாட். மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள். "சென்னை வெயிலிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், பாங்காக் வெயில் எங்களை என்ன செய்துவிடப் போகிறது? இந்தச் சம்பளத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் விஷயம் ஒன்றுதான். அந்த வெப்பத்தில் மூன்று பேர் நாள்தோறும் குடியிருக்க என்ன செலவாகும், பணத்திலும் உடம்பிலும்? நான் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்பு வடிவமைக்கும் பொறியாளர். பல வருடமாகக் குடும்பத்தோடு பாங்காக்கில் இருக்கிறேன். வெப்பம், வீடு, கரண்ட் பில் பற்றி அடித்துச் சொல்வேன். விசா, வரி, பள்ளி பற்றிச் சொல்வதெல்லாம் இங்கே குடியிருப்பவன் அறிந்த அளவுதான். அவற்றின் விதிகள் அடிக்கடி மாறும், எனவே கம்பெனி எச்.ஆரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வெயில். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, பாங்காக் 13.75. சூரியன் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் காய்கிறது. வெப்பமானியை மட்டும் பார்த்தால் பாங்காக்தான் தேவலை. சென்னை மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பாங்காக்கில் உச்ச மாதமான ஏப்ரலில்கூடப் பெரும்பாலும் 35, 37தான். ஆனால் இங்கே பிற்பகலில் ஓடிவந்து காப்பாற்றும் கடல்காற்று கிடையாது. கடல் தெற்கே தள்ளி இருக்கிறது, இடையில் முழுக்கக் கட்டடங்கள். காற்று நகராது, ஈரம் போகாது, வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்தால் சட்டை நனைவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. 2024 ஏப்ரலில் உணர்வெப்பம் 52 டிகிரியைத் தாண்டும் என்று மாநகராட்சி எச்சரிக்கை விட்டது. அந்த நாட்களில் காற்றின் வெப்பம் 40 டிகிரி அளவில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மிச்சத்தைச் செய்தது ஈரப்பதம்.

அதைவிடச் சிரமம் இரவு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கக்கும். ஏப்ரலில் விடியற்காலையிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுக்கும் வழியும் இல்லை, ஏனென்றால் நீங்கள் இருக்கப்போவது அநேகமாக இருபது மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டாவது மாடி. அதனால் இரவில் ஏசி இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அது நடக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஆனால் தினமும் கொஞ்ச நேரமாவது வெப்பத்தில் இருந்தால்தான் பழகும். இங்கே வெளிநாட்டுக்காரர்கள் ஏசி வீட்டிலிருந்து ஏசி ரயிலுக்கும், அங்கிருந்து ஏசி ஆபீசுக்கும், மாலையில் ஏசி மாலுக்கும் போய்வருகிறார்கள். ஐந்து வருடம் இருந்தும் பழகாதவர்கள் ஏராளம். நீங்கள் சென்னையில் வளர்ந்தவர் என்பதெல்லாம் ஒரு மாதம் ஏசிக்குள் இருந்தாலே கரைந்துவிடும். வந்த முதல் இரண்டு வாரம் காலை ஏழு மணிக்குள் அரைமணி நேரம் நடங்கள். மகளுக்கு நேர்மாறான பிரச்சினை வரும். ரயிலிலும் மாலிலும் சினிமாவிலும் குளிர் வாட்டும். கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் வாடகைக்கு இரண்டு வகை வீடு உண்டு. கான்டோ என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர், தனி மின்மீட்டர். பில் மாநகர மின்வாரியத்திலிருந்து நேராக உங்களுக்கு வரும். அபார்ட்மென்ட் என்றால் கட்டடம் முழுக்க ஒரே முதலாளி. மின்சாரத்தை அவர் வாங்கி உங்களுக்கு விற்பார். வாரியத்தின் விலை எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு நாலரை பாட் அளவில் வரும். அபார்ட்மென்டில் ஏழு, எட்டு பாட் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி அதிகம் வசூலிப்பதைக் கட்டுப்படுத்த விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியைக் காட்டி வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டி ஜெயித்த வெளிநாட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். இங்கே ஏசியை பி.டி.யு. கணக்கில் சொல்வார்கள், 12,000 என்றால் நம் ஊர் ஒரு டன். ஏப்ரலில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நான்கிலிருந்து ஆறு யூனிட் இழுக்கும். இரண்டு படுக்கையறைக்கும் சேர்த்து மாதம் சுமார் 300 யூனிட். மனைவியும் மகளும் பகலில் வீட்டில் இருப்பார்கள், அதற்கு ஒரு 200. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, வெந்நீர் எல்லாம் 150. ஆக 650 யூனிட். நாலரை பாட் என்றால் மூவாயிரத்துக்குள் முடியும். எட்டு பாட் என்றால் 5,200. வாடகை இரண்டாயிரம் குறைவாக இருக்கிறதே என்று அபார்ட்மென்டை எடுப்பவர்கள் அந்த இரண்டாயிரத்தை மின்சாரத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம் கண்ணாடி. புதிய கான்டோக்களில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும். அது மேற்குப் பார்த்திருந்தால் மதியம் இரண்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனாலும் அறை குளிராது. வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த வீடாகத் தேடுங்கள். ஏஜென்ட் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால், மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். உள்ளே போனதும் மேற்குச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அறை சிறிதாக இருந்து ஏசி பெரிதாக இருந்தாலும் நல்லதல்ல. சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் இருக்காது. அறை 23 டிகிரி காட்டும், படுக்கை ஈரமாக இருப்பதுபோல் தோன்றும், அலமாரியில் தோல் பெல்ட்டும் செருப்பும் பூஞ்சை பூக்கும். 26 டிகிரியில் ஏசி, மேலே ஒரு மின்விசிறி, இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. இங்கே பல வீடுகளில் சீலிங் ஃபேன் கிடையாது, ஸ்டாண்டு ஃபேன் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்து ஏசியைக் கழுவ வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து தூரம் என்பதும் வெயில் சம்பந்தப்பட்ட விஷயம்தான். 1999இல் தொடங்கிய வானரயிலும் 2004இல் வந்த மெட்ரோவும் இந்த ஊரின் உயிர். சாலையில் நெரிசல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ரயிலை நம்பலாம். கட்டணம் தூரத்தைப் பொறுத்து 17 பாட்டிலிருந்து அறுபது சொச்சம் வரை. ஆனால் "நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது ஏப்ரல் மாதத்துச் சட்டைக்கு ரொம்ப தூரம். சோய் என்று சொல்லும் சந்துகள் இங்கே குறுக்கு வழியே இல்லாமல் நீண்டுகொண்டு போகும். சந்து முனையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் இருப்பார்கள், பத்து இருபது பாட்டில் கொண்டுபோய் விடுவார்கள். உங்களுக்கு அது சரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவி அதில் போக வேண்டாம். ஐந்து நிமிட நடைக்குள் வீடு கிடைக்க வேண்டுமென்றால் நகர மையத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். ஆன் நுட், உடோம் சுக், பேரிங் பக்கம் கொஞ்சம் பழைய கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடு 20,000க்கும் 28,000க்கும் நடுவில் கிடைக்கும். பழைய கட்டடத்தில் அறைகள் பெரிது, கண்ணாடி குறைவு. நீச்சல்குளம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. முன்பணம் வழக்கமாக இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத வாடகை. 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் இங்கே உயரமான கட்டடங்கள் நன்றாக ஆடின, சில வீடுகளில் சுவர் வெடித்தது. சுவரில் புதிதாகப் பூசிய இடம் தெரிந்தால் என்ன என்று கேளுங்கள், தப்பில்லை.

சமையலறையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான கான்டோக்களில் கேஸ் கிடையாது, மின் அடுப்புதான். உங்கள் குக்கரின் அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். புகைபோக்கி என்று மாட்டியிருப்பது பல வீட்டில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். தாளிப்பு வாசம் சோபாவில் குடியேறிவிடும். பால்கனியோடு ஒட்டிய, கதவு போட்ட சமையலறை கிடைத்தால் அதற்காக ஆயிரம் பாட் கூடக் கொடுக்கலாம். மிக்ஸி இந்த ஊர் மின்சாரத்தில் ஓடும், ஆனால் நம் ஊரின் தடித்த மூன்று முள் பிளக் இங்கே உள்ளே போகாது, அடாப்டர் வேண்டும். இட்லி மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் புளித்துப்போகும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனைவி கேட்பார். முருங்கைக்காய், வாழைப்பூ, பாகற்காய், தேங்காய், புளி எல்லாம் சாதாரணச் சந்தையிலேயே கிடைக்கும். கறிவேப்பிலைதான் தேட வேண்டும். பாஹுரத் பகுதியின் இந்தியக் கடைகளில் கிடைக்கும், தமிழ் வீடுகளில் பலர் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். இட்லி அரிசியும் பருப்பும் அங்கேயே வாங்கலாம். சைவம் என்றால் வெளியே கவனம் தேவை. காய்கறி மட்டும் போட்டு வதக்கியதில்கூட மீன் சாஸும் சிப்பி சாஸும் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட "ஜே" கடைகளில் அந்தக் கவலை இல்லை, அங்கே வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. சந்துக்குச் சந்து தண்ணீர் இயந்திரம் இருக்கிறது, லிட்டர் ஒரு பாட் அளவில். கோடையில் சாவோ பிராயா ஆற்றில் கடல்நீர் ஏறிக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் வருடங்களும் உண்டு. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கும்போது பௌத்த ஆண்டு போட்டிருந்தால் திகைக்காதீர்கள், 543ஐக் கழித்தால் நம் ஆண்டு வந்துவிடும்.

வெயிலைவிட எனக்குக் கவலை தருவது காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே வானம் மங்கலாக இருக்கும். வாகனப் புகையோடு கரும்புத் தோட்டத்திலும் வயலிலும் வைக்கும் நெருப்பும் சேரும். குளிர்காலத்தில் காற்று மேலெழாததால் எல்லாம் ஊருக்குள்ளேயே தேங்கும். 2025 ஜனவரியில் இதற்காக மாநகராட்சி முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடியது. ஏசி காற்றைக் குளிர வைக்குமே தவிர இந்த நுண்தூசியை எடுக்காது. நான்கு வயதுக் குழந்தை தூங்கும் அறைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். சில ஆயிரம் பாட் ஆகும், ஃபேனுக்கு அடுத்து நீங்கள் வாங்க வேண்டியது அதுதான்.

மழை மே நடுவிலிருந்து அக்டோபர் வரை. சென்னை மழை மாதிரி இரண்டு நாள் விடாமல் பெய்வது குறைவு. மாலையில் ஒருமணி நேரம் கொட்டித் தீர்க்கும், சந்துகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், இரவுக்குள் வடியும். 2011 போன்ற பெருவெள்ளம் வேறு கதை. எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும் என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, பக்கத்துப் பக்கத்துச் சந்துகளே வேறுபடும். சந்து முனை டாக்ஸிக்காரரையோ கட்டடக் காவலாளியையோ கேளுங்கள், ஏஜென்டைக் கேட்க வேண்டாம். டெங்கு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் 199, தீயணைப்புத் துறை வந்து பிடித்துக்கொண்டு போகும். சிரிக்காதீர்கள், அவர்களுக்கு இது அன்றாட வேலை.

இப்போது பணம். 85,000இல் வரியாக மாதம் ஐந்தாறாயிரமும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஆயிரத்துக்குள்ளும் போகும். கையில் 78,000 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 25,000, மின்சாரம் தண்ணீர் இணையம் 4,500, சாப்பாடு 18,000, போக்குவரத்து 5,000. மிச்சம் 25,500. இதில் பள்ளி வந்தால்தான் கணக்கு உதைக்கும். நர்சரிக்கே மாதம் பத்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை இருக்கிறது, பெரிய சர்வதேசப் பள்ளிகள் அதற்கும் மேலே. கம்பெனி பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருமா, குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு உண்டா, இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் இருந்தால் இந்தச் சம்பளத்தில் நன்றாகவே இருக்கலாம், ஊருக்கும் அனுப்பலாம். இரண்டும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பேரம் பேசிப் பாருங்கள். தனியார் மருத்துவமனையில் குழந்தையை நான்கு நாள் சேர்த்தால் வரும் பில்லை உங்கள் சேமிப்பு தாங்காது.

காகித வேலைகளில் உங்கள் தலையில் விழுவது மூன்று. வீட்டுக்காரர் உங்கள் தங்கலை டி.எம். 30 படிவத்தில் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். செய்வாரா என்று முன்பே கேளுங்கள், செய்யாவிட்டால் பின்னால் குடிவரவு அலுவலகத்தில் ஒவ்வொரு காரியத்திலும் உங்களைத் தடுத்து நிறுத்துவார்கள். 90 நாளைக்கு ஒருமுறை முகவரியை நீங்கள் தெரிவிக்க வேண்டும், தாமதமானால் 2,000 பாட் அபராதம். விசா நீட்டிப்பு கையில் இருக்கும்போது ஊருக்குப் போவதாக இருந்தால் மறுநுழைவு அனுமதி வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும், இல்லையென்றால் நீட்டிப்பு அதோடு ரத்து. சட்டத்தில் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். இ-சிகரெட் இங்கே சட்டவிரோதம். அரச குடும்பத்தைப் பற்றி நேரிலோ சமூக வலைத்தளத்திலோ விமர்சனமாக எதுவும் பேசாதீர்கள், தண்டனை 15 வருடம் வரை சிறை. சினிமாவில் படத்துக்கு முன் அரச கீதம் போடும்போது எழுந்து நிற்பது மரியாதை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊர் வாழ்க்கையில் கஷ்டப்படுவது பெரும்பாலும் வேலைக்கு வந்தவர் அல்ல, கூட வந்தவர்தான். சார்பு விசாவில் வரும் மனைவி இங்கே வேலை செய்யக் கூடாது, அது உறுதி. இந்தியக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாமா என்பது தெளிவில்லாத விஷயம். பலர் பார்க்கிறார்கள், ஆனால் சட்டத்தில் வேலை என்பதற்கான விளக்கம் ரொம்ப விரிவானது, நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் ஆபீஸ் போனபின் பத்து மணிநேரம், வெளியே இறங்கினால் வெயில், எதிர்வீட்டில் யார் என்று தெரியாது. அதனால் வீடு தேடும்போது உங்கள் ஆபீசுக்கு எவ்வளவு தூரம் என்பதை இரண்டாவதாக வையுங்கள். நடந்தே போகக்கூடிய சந்தை, நிழலுள்ள பூங்கா, மகளின் நர்சரி, இவை மூன்றும் அவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களே அதிகம் வந்து கும்பிடுவார்கள், விஜயதசமி ஊர்வலத்துக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அங்கே போனால் நாலு தமிழ்க் குடும்பமாவது கண்ணில் படும். தாய் மொழி வகுப்பில் அவரை முதல் மாதமே சேர்த்துவிடுங்கள், பேச்சு மட்டும் போதும். சந்தையில் தானே பேரம் பேசத் தொடங்கிவிட்டால் பாதித் தனிமை போய்விடும்.

வரும் மாதம் பற்றிக் கடைசியாக. மார்ச் என்பது புகையின் கடைசியும் வெயிலின் தொடக்கமும். முடிந்தால் நீங்கள் மட்டும் முதலில் வந்து ஒரு மாதம் சர்வீஸ் அபார்ட்மென்டில் தங்கி, ஏப்ரல் வெயிலில் வீடுகளைப் பாருங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு, அந்த வாரம் ஊரே விடுமுறையில் இருக்கும், எந்த ஏஜென்டும் போனை எடுக்க மாட்டார். மே மாதக் கடைசியில் இரண்டு மழை பெய்தபின் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்குவதால் மகளுக்கு ஊர் பழகவும் நேரம் இருக்கும். உள்ளூர்ப் பள்ளி என்றால் மே நடுவிலேயே திறந்துவிடுவார்கள், அப்படியானால் ஓரிரு வாரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.